மூன்று முறை அந்தத் தெரு வழியாக

சித்தி பெட்டியோடு கிளம்பிப் போனது ஒரு வியாழக்கிழமை. அப்போதும் சித்தப்பா வேலையில்தான் இருந்தார். ஏதோ ஒரு கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு பல் மருத்துவர் கத்திக்கொண்டிருந்தார். அவரை வெளியே எடுத்துவிட்டு வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. சண்டை எதுவும் இல்லை. வேறொரு நகரத்தில் தன் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, சித்தி என் அம்மாவிடம் போனில் சொன்னது இவ்வளவுதான்: “லிஃப்ட்ல மாட்டினவங்களுக்காக பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடுவார். இத்தனை வருஷமா நானும்தான்க்கா மாட்டிக்கிட்டு நிக்கிறேன். எனக்கு யாரு வந்து கதவைத் திறந்தா?”

சில ஆண்டுகள் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, லிஃப்ட் மெக்கானிக்கான என் சித்தப்பா மாடிப்படிகளில் ஓடிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. குட்டையான, கெட்டியான உடம்பு. வேலை முடிந்ததும் கருவிப் பையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கட்டடத்தின் படிகளிலேயே ஏறி இறங்குவார். லிஃப்ட் மெக்கானிக்கே படியில் ஓடினால் குடியிருப்பவர்கள் என்னதான் நினைப்பார்கள்? அவரைப் பார்த்து மிரண்டு, கைக்குழந்தையோடு படியேறியவர்கள்கூட உண்டு. ஒரு அம்மாள் காய்கறிப் பையோடு வழிமறித்தே கேட்டாள்: “உண்மையைச் சொல்லுங்க, கம்பி அறுந்துடுச்சா?”

“லிஃப்ட் நல்லாத்தாம்மா இருக்கு. எனக்குத்தான் சர்வீஸ் நடக்குது.”

ஒரே நாளில் ஏரியில் நீந்தி, அப்படியே சைக்கிளில் ஏறி, இறங்கியதும் ஓட வேண்டிய நெடுந்தூரப் போட்டி ஒன்றுக்கு அவர் பெயர் கொடுத்திருந்தார். “பஸ்ஸே இல்லாத ஊரா அது?” என்று கேட்டாள் அம்மா. எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அதனால் விடியற்காலையில் அவருடன் சைக்கிளில் கிளம்பிவிடுவேன். ஓட்டும்போது அவர் பேச மாட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, மோட்டாரைக் கேட்பதுபோலத் தன் முழங்காலைக் கேட்டுக்கொண்டே வருவார். “சத்தம் வந்தா பரவால்ல. சத்தம் மாறினாத்தான் கேஸு.”

ஒருநாள் மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது, இந்தப் போட்டியே ஏன் என்று கேட்டேன்.

“கடைசி ஓட்டம் அவ அக்கா வீட்டு பால்கனிக்குக் கீழயே போகுது. மூணு சுத்து.”

“அதுக்கு நேரா போய் பெல் அடிக்கலாமே சித்தப்பா?”

“அடிச்சா எதுக்கு வந்தீங்கன்னு கேப்பா. எனக்குச் சொல்லத் தெரியாது. இதுன்னா ரேஸு. ரோடு அந்தப் பக்கமா போகுது, நான் என்ன பண்ண முடியும்?” சைக்கிளை மறுபடி மிதித்தார். “யாரும் அவகிட்ட மூச்சு விடக் கூடாது. தற்செயலா பாக்கணும்.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் வாயில் எதுவும் தங்காது. அன்று மதியமே சித்திக்கு விஷயம் போய்விட்டது. “அப்படியா” என்று மட்டும் சித்தி சொன்னாளாம். அது சித்தப்பாவுக்குத் தெரியாது.

தண்ணீர்தான் அவருக்குப் பயம். நீச்சல் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, லிஃப்டுக் குழிக்குள் இறங்குகிறவரைப் போல ஒருமுறை மேலே பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். “அங்கிள், தண்ணியை ஸ்பேனர் மாதிரி பிடிக்காதீங்க!” என்று கத்துவாள் நீச்சல் சொல்லித் தரும் பெண். போட்டியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரக் கெடு உண்டு. தவறினால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நீச்சலில் நின்றுவிட்டால் அந்தத் தெரு ஏது? கண் சிவக்கச் சிவக்க மழைக்காலம் முழுவதும் நீந்தினார்.

போட்டி அன்று ஏரியிலிருந்து கடைசிக்குச் சற்று முன்னால் அவர் எழுந்து வந்ததைப் பார்த்ததும் நான் குதித்தே விட்டேன். சைக்கிள் அவருக்குப் பெரிய காரியமே இல்லை. சைக்கிளை விட்டுவிட்டு ஓடத் தொடங்கும் இடத்தில் வேலியோரம் காத்திருந்தேன். ஒவ்வொருவராக வந்து சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு யாரும் வரவில்லை. கெடு முடிந்து, ஓட்டப் பாதையின் தடுப்பை இழுத்து மூடினார்கள். மூடிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சித்தப்பா வந்தார். முழங்கை வரை கறுப்பு மை.

வழியில் யாரோ ஒருவருக்குச் செயின் சக்கரத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டதாம். சக்கரத்தைக் கழற்றி எடுத்துக் கொடுத்தாராம். “அந்தாளு என்ன பண்றதுன்னு தெரியாம நின்னான்மா. அப்படியே விட்டுட்டு வர முடியுமா?” அந்த ஆள் ஏற்கெனவே ஓடப் போய்விட்டிருந்தான்.

தடுப்பருகே நின்ற அதிகாரியிடம் கெஞ்சினார். “நம்பர் வேணாம் சார். மெடல் வேணாம். சும்மா ஒரு சுத்து ஓடிட்டு வந்துடறேனே.”

“போட்டியில இருக்கறவங்களுக்கு மட்டும்தான் சார் ரோடு.”

டாக்சியில் போய் இறங்கிவிடலாம் என்றேன் நான். “கார்லயா?” என்றார். தன் கைகளைப் பார்த்தார். “இப்படியேவா?” பின் தெருக்களில் சுற்றிப் போனால் பத்து நிமிடத்தில் அந்த வீடு. நாங்கள் ரயில் நிலையத்துக்குப் போனோம்.

அதற்குப் பிறகு அவர் படியில் ஓடுவதில்லை. எந்த மாடிக்கும் லிஃப்டில்தான் போகிறார். குடியிருப்பவர்களுக்கு நிம்மதி. அழைப்பு வந்தால் இப்போதும் சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்துவிடுகிறார். ஏன் இப்படி என்று கேட்கத்தான் வீட்டில் யாரும் இல்லை.

சென்ற வாரம், ஒரு கட்டடத்தின் உச்சியில், ஜன்னல் இல்லாத மோட்டார் அறைக்குள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். துணைக்குப் போயிருந்த என் கையில் அவருடைய போன் இருந்தது. செய்தி வந்த சத்தம் கேட்டது. “கையெல்லாம் கிரீஸு. யாருன்னு பாரும்மா.”

சித்தி. போட்டி முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. படித்தேன்:

“அன்னைக்கு ரோட்டைத் திறந்து விடற வரைக்கும் பால்கனியிலதான் நின்னேன். வழியில யாராவது மாட்டிக்கிட்டாங்களா?”

“இன்னொரு தடவை படி,” என்றார். படித்தேன். சித்தப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் விளக்கை அணைத்தார்.