ஜட்கா ஆசீர்வாதத்தின் நித்திரை

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில், திருத்தணி ரயிலடியில் இறங்கி ஆசீர்வாதத்தின் ஜட்காவில் ஏறியவர்களுக்கு மனித ஆயுசு நிலையற்றது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சக்கரம் மலையைப் பார்த்து ஓடும். மற்றது அரக்கோணம் போக ஆசைப்படும். இருந்தும் ஆசீர்வாதம் சொல்லாமல் விடமாட்டார். அவர் கிறிஸ்தவர். முருகனைத் தேடி வந்த பக்தர்களை அடிவாரத்தில் இறக்கிவிடுவதற்குள், "நம்ம ஆயுசு எவ்ளோன்றீங்க? குதிரை வாலைச் சுழட்டுற நேரங்க!" என்பார்.

ஒரு சொல் மட்டும் அவருக்கு ஆகாது. யாராவது 'செத்துப் போனான்' என்றால் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிடுவார்.

"செத்தான்னு சொல்லாதீங்க. கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சான்னு சொல்லுங்க. தூங்கறவன் எழுந்திருப்பான் இல்லே? அப்புறம் எதுக்கு ஒப்பாரி?"

சவாரி திருத்திச் சொன்ன பிறகுதான் குதிரை நகரும். தன் முறை வரும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விழக் கூடாது, பாட்டுதான் பாட வேண்டும் என்று வண்டி ஸ்டாண்டு முழுவதற்கும் உத்தரவு போட்டிருந்தார். லாடம் கட்டும் தஸ்தகீர் மட்டும், "உன் உத்தரவை உன் குதிரையே கேக்காது, போய்யா" என்பார்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். திருவிழா முழுக்க ஓய்வில்லாமல் ஓட்டிய ஆசீர்வாதம், மத்தியானம் கூழைக் குடித்துவிட்டு, ஈக்குப் பயந்து தலையோடு போர்த்திப் படுத்தார். குதிரைக்குப் புல் போடும் எல்லம்மாள் கட்டோடு வந்தாள்.

"யக்கா, அண்ணன் எங்கே?"

குடத்தோடு கிளம்பிய மனைவி ரெபெக்காள், புருஷனுடைய சொல்லாலேயே அவரைக் கிண்டல் செய்தாள். "உங்க அண்ணன் நித்திரையடைஞ்சிட்டாரு."

எல்லம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்போக்கா?"

"இப்பத்தான். கூழு குடிச்ச கையோட."

"நீ அழலியா?"

"இதுக்கு யாராச்சும் அழுவாங்களா? அந்த வாய் மூடிச்சே, எனக்கு நிம்மதிடி!" என்று திரும்பிப் பாராமலே கிணற்றடிக்கு நடந்துவிட்டாள்.

எல்லம்மாள் ஓடிப்போய்ச் சொல்ல, சற்று நேரத்தில் ஜட்கா ஸ்டாண்டே வீட்டுக்குள் இருந்தது. பேச்சுக் குரல் கேட்டு ஆசீர்வாதம் விழித்தார்.

"ரெபெக்காக்காவைக் காணோமே?"

"குளிப்பாட்டத் தண்ணி எடுத்தாரப் போயிருக்கும்."

விஷயம் புரிந்தது. உடனே எழுந்திருக்கலாம். ஆனால் மனித சபலம் யாரை விட்டது? யார் அழுகிறார்கள் பார்ப்போம் என்று அசையாமல் கிடந்தார்.

"யாரும் அழுவாதீங்கப்பா, கோவிச்சுக்குவாரு," என்றான் வண்டிக்காரச் சின்னசாமி. "பாட்டுதான் பாடணும்னாரு."

கிறிஸ்தவப் பாட்டு ஒருவருக்கும் தெரியாது. சின்னசாமி காவடி மெட்டிலே "அல்லேலூயா" என்று எடுத்தான். மற்றவர்கள் தொடையில் தாளம் போட்டார்கள்.

போர்வைக்குள் ஆசீர்வாதத்தின் இருதயம் சுக்குநூறாயிற்று. எத்தனை வருஷப் பழக்கம்! ஒரு விசும்பல், ஒரு மூக்குறிஞ்சல்கூட இல்லையே!

அப்போது வாசலில் ஒரு குரல் வெடித்தது. தஸ்தகீர்!

"பாட்டா பாடிகினு இருக்கீங்க? நான் அழுவேன்! கோவிச்சுக்கிறவன் எழுந்து வந்து கோவிச்சுக்கட்டும்! யோவ் ஆசீர்வாதம், என்னை வுட்டுட்டுப் போயிட்டியேய்யா!"

போர்வை குலுங்கியது. முதலில் மெதுவாக, பிறகு விக்கி விக்கி. அல்லேலூயா பாதியில் அறுந்தது. அடுத்த நொடி அந்த அறையில் தஸ்தகீரும் போர்வையும்தான் மிச்சம்.

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தண்ணீரோடு வந்த ரெபெக்காள் நடந்ததைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, தாலியைக் கையில் பிடித்து அழத் தொடங்கினாள். "அழாதே" என்று வழக்கம்போல் ஆரம்பித்த ஆசீர்வாதம் நிறுத்திக்கொண்டார்.

"சரி, கொஞ்சமா அழு."

அன்று முதல் வண்டிப் பிரசங்கம் சற்று நீண்டது: "எழுந்திருப்பான், நிச்சயம். ஆனா அதுவரைக்கும் அழறவங்களைத் தடுக்காதீங்க."

யுத்தம் முடிந்து சில வருஷங்களில் அவர் மெய்யாகவே நித்திரையடைந்தார். ரெபெக்காள் கதறினாள், வண்டி ஸ்டாண்டே கதறியது. தஸ்தகீர் மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்து போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், நீயே அழுவலியா?" என்றான் சின்னசாமி.

"இருடா. ஏமாத்துவான் இவன்."

பெட்டி வந்தது. போர்வை அசையவில்லை. தஸ்தகீர் குனிந்து, அதன் ஓரத்தைச் சரிசெய்தார்.

"சரிய்யா, தூங்கு. எழுந்திருக்கிறப்போ என்னையும் ஒரு குரல் கூப்பிடு," என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.