தீபாவளிக்குப் போட்ட புதுக் கர்னல்

தீபாவளி என்றால் எனக்கு எல்லாமே புதிதாக இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடம், அந்தப் பைத்தியம், எங்கள் தீவில் பாயான் பாருவுக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த சிப்புத் தொழிற்சாலையையும் பிடித்தது. பண்டிகைக்கு முதல் நாள் காலை, என் பொறுப்பிலிருந்த கணினியின் கர்னலை மாற்றினேன். கர்னல் என்பது இயங்குதளத்தின் அடிப்பகுதி. எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது அதுதான். வீட்டுக் குப்பையைக் கழிக்கிற வேகத்தில் பழையதையும் அழித்துத் தொலைத்தேன்.

அந்தக் கணினிக்குள் மென்பொருளாலேயே ஆன இன்னொரு கணினி ஓடியது. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். சிப்புகளின் சோதனை அறிக்கையை அச்சடிக்கும் பழைய புரோகிராம் அதற்குள்தான் இருந்தது. புதுக் கர்னலைக் கண்டதும் அது திறக்கவே மாட்டேன் என்றது.

அறிக்கை வராமல் லைன் சூப்பர்வைசர் அக்கா வீட்டுக்குக் கிளம்ப முடியாது. நாலு மணி கம்பெனி பஸ்ஸை விட்டால், கடல் பாலம் தாண்டி அக்கரையிலிருக்கும் தாசேக் கெலுகோருக்கு அவருக்கு வேறு வழியில்லை. மறுநாள் தீபாவளி விருந்துக்கு லைனில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் திரண்டு அவர் வீட்டுக்கு வருவார்கள். முறுக்கு இன்னும் பிழியவில்லை.

"என்னா தம்பி ஆச்சு?"

"தெரியலக்கா. காலையிலேர்ந்து தானா இப்படி இருக்கு." கூசாமல் புளுகினேன்.

விர்ச்சுவல் மெஷினைக் கர்னலோடு பொருத்தும் சின்ன நிரல் பழைய கர்னலுக்காகக் கட்டப்பட்டது. அதைப் புதியதற்கு ஏற்ப மறுபடி கட்டப் பார்த்தேன்; கம்பைல் என்பார்கள். பிழை. இரண்டு வரியைத் திருத்தினால் வேறு இடத்தில் பிழை. அக்கா கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஏர்கானிலும் வியர்த்துக் கொட்டியது. நாலே காலுக்கு அறிக்கை வந்தது. பஸ் போய்விட்டிருந்தது.

அக்காவை என் காரில் ஏற்றிக்கொண்டேன். பாலத்தில் ஒரே ஜாம். ஊர்ந்துகொண்டே, எப்படிச் சரிசெய்தேன் என்று பீற்றிக்கொண்டு வந்தேன்.

"கெட்டிக்காரன்தான் லா," என்றார் அக்கா. "ஆனா எப்படி கெட்டுச்சு?"

இறங்கி ஓடவும் முடியாது, சுற்றிலும் லாரி. உண்மையைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு தன் வீடு வரும்வரை அக்கா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நான் கிளம்புறேன்க்கா."

"எங்க போற? உள்ள வா."

எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, முறுக்கு அச்சை என் கையில் திணித்தார். "என் நேரத்த நீதானே தின்ன? நீயே பிழி."

மன்னித்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டேன். அப்புறம்தான் மாவைப் பார்த்தேன். ஒரு அண்டா நிறைய இருந்தது.