அம்பயருக்குச் சோறு போட்ட நாள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. நாலு பேரை வளர்த்தேன். மூன்று பையன்கள், ஒரு பெண். நாலு பேரும் அவரவர் காலில் நிற்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பதற்கில்லை. எழுத்து எனக்குப் பிந்தித்தான் வந்தது. ஐம்பது வயதுக்கு மேல், எங்கள் தெருவில் சாயங்கால வகுப்பு நடந்தபோது கற்றுக்கொண்டது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதினால் கை வலிக்கிறது. வலித்தால் வைத்துவிட்டு மறுநாள் எழுதுகிறேன்.

கபடி அப்படிப் பிந்தி வந்ததல்ல. என் வீட்டுக்காரர் சிங்காநல்லூரில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஆலையின் கபடி டீமில் முழங்கால் கெடும் வரைக்கும் ஆடினார். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே நான் ஆட்டம் பார்த்தவள். மற்ற பெண்கள் தங்கள் வீட்டு ஆள் விழுந்தால் மட்டும் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள். நான் கோட்டைப் பார்ப்பேன், காலைப் பார்ப்பேன், விசில் ஊதுகிறவரைப் பார்ப்பேன்.

விசில் ஊதுகிறவர்கள்தான் எங்களுக்கெல்லாம் தீராத குறை. பக்கத்துக் கணபதி ஊர் மைதானத்தில் ஒருவர், கட்டைவிரல் கோட்டில் பட்டாலும் ஊதிவிடுவார். அடுத்த வாரம் வேறு மைதானத்தில் வேறொருவர், பாதி உடம்பு வெளியே போனாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆளுக்கு ஆள் கண் வேறு என்று அதையாவது விட்டுவிடலாம். ஒரே ஆள், ஒரே ஆட்டத்தில், ஒருவனுக்கு ஊதியதை இன்னொருவனுக்கு ஊதாமல் விட்டால்தான் வயிறு எரியும். “தப்புன்னா எல்லாத்துக்கும் தப்பா இருக்கோணுங்க,” என்று சொல்லிக்கொண்டேதான் பாதி நாள் வீடு திரும்புவோம்.

அதிலும் மோசமானது மூச்சு விஷயம். எதிர்க் கட்டத்துக்குப் பாடிப் போகிறவன் கபடி, கபடி என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் அவுட். விட்டானா, விடவில்லையா என்பதற்குக் கோடு எதுவும் கிடையாது. அம்பயர் காதில் விழுந்ததுதான் கணக்கு.

என் கடைசிப் பையன் பாடிப் போகிறவன். தொண்ணூறுகளின் நடுவில் அவனுக்கு இருபது வயது இருக்கும். கால் வேகம் அவன் அப்பாவைவிட அதிகம். குரல்தான் சின்னது. பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். அவன் ஒரு லேத் பட்டறையில் நாள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆட்டக்காரர்களுக்கு ஆலைகளில் நிரந்தர வேலை கொடுக்கிற வழக்கம் அப்போதே குறைந்து வந்தது. அந்தத் தைமாதப் போட்டிக்கு ஒரு பெரிய ஆலையிலிருந்து ஆள் எடுக்க ஓர் அதிகாரி வருகிறார், ஒரே ஒரு பையனைத்தான் எடுப்பார் என்று சொன்னார்கள். அந்த வேலை அவனுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று நான் எண்ணாத நேரமில்லை.

போட்டி எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் நடந்தது. காலையில் அரையிறுதி, மத்தியானத்துக்கு மேல் இறுதி. அம்பயர் வெளியூர்க்காரர், ஒரு பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். ஒல்லியான மனிதர். காலை ஆட்டங்களை நன்றாகவே நடத்தினார். மத்தியானம் அவருக்கு ஓட்டல் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தெருவுக்கு வந்தவர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போனார் என்ற பேச்சு எனக்கு ஆகாது.

“இத பாரு, மகன் ஆடற ஆட்டத்துக்கு ஊதறவரு அவரு,” என்றார் என் வீட்டுக்காரர். “நம்மூட்டுல உக்காந்து சாப்ட்டா நாலு பேரு பேசுவாங்க.”

“பேசட்டுங்க. வந்த மனுசனப் பட்டினி போட்டு அனுப்பறதா?”

“யாரு பட்டினி போடச் சொன்னா? ஓட்டல்ல சாப்பாடு இருக்குது.”

“ஓட்டல் சாப்பாடு ஒரு சாப்பாடுங்களா?”

அவர் ஒருநாளும் என்னிடம் பேசி ஜெயித்ததில்லை.

அம்பயரும் தயங்கினார். வாசலில் நின்றபடி, “வேண்டாங்க அக்கா, ஆட்டம் இருக்கற அன்னிக்கு மோரு மட்டுந்தானுங்க குடிப்பேன்,” என்றார். நான் விட்டால்தானே. நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டாம் முறை சோறு போடும்போது அவர் கையை இலைக்கு மேல் குறுக்கே வைத்தார். கையை ஒதுக்கச் சொல்லிப் போட்டேன். மகனுக்காகப் போட்டேனா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இன்றைக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் கை கழுவுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரிகள் மூன்று பேரிடம், அம்பயர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார் என்று சொல்லியாகிவிட்டது.

இறுதி ஆட்டம் கணபதிப் பட்டறைப் பையன்களோடு. முதல் பாதியில் என் மகன் நன்றாக ஆடினான். அம்பயர் குனிந்து, அவன் வாய்க்குக் காது கொடுத்துக் கேட்டார். ஊதவில்லை. கணபதிக்காரர்களுக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. அவர்கள் பக்கமிருந்து ஒருத்தன் எழுந்து நின்று, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கேட்டான்:

“ஏனுங்க சார், காதுல கோழிக்கொழம்பு அடைச்சுக்கிச்சுங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்களிலும் சிலர் சிரித்தார்கள். அம்பயர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கழுத்து சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

இடைவேளைக்குப் பிறகு விசில் மாறிப்போனது. என் மகன் மூச்சு விட்டான் என்று ஒரு தரம் ஊதினார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம். கணபதிப் பையன் ஒருவன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பேரைத் தொட்டுவிட்டுப் போனான். அதற்கு விசில் இல்லை. நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தபோது, கடைசித் தடவையாக என் மகன் பாடிப் போனான். இரண்டு பேரைத் தொட்டான். நடுக்கோட்டுக்கு ஒரு எட்டு இருக்கும்போது விசில். மூச்சு விட்டான், அவுட்.

எப்படி நடந்தேன் என்று தெரியாது, கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். பெண்கள் யாரும் அந்தக் கட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. அவர் முன்னால் நின்று சொன்னேன்:

“மத்தியானம் எங்கூட்டுச் சோத்தத் தின்னுபோட்டு இப்படி ஊதறீங்களே, அது செரிக்குங்களா?”

எனக்கே என் குரல் அந்நியமாகக் கேட்டது. போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டுவதைவிடக் கேவலம் எங்கள் பக்கத்தில் வேறில்லை. என் பிள்ளைகள் தங்களுக்குள் அப்படிச் சொன்னால்கூட நான் அடித்திருக்கிறேன்.

அவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். “என்ற தப்புத்தானுங்க அக்கா, உங்கூட்டுல தின்னது,” என்றார். சத்தம் போடவில்லை.

ஆலை அதிகாரி புள்ளி எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து, என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். பேசியதை என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் என்னிடம் மட்டும் சொன்னார். அதிகாரி சொன்னது இது: “ஜெயிச்சாலும் தோத்தாலும் உங்க பையனத்தானுங்க எடுக்கறதா இருந்தேன். காலைலயே பேர எழுதிட்டேன். இப்ப அம்பயருக்குச் சோறு போட்ட ஊட்டுப் பையன எடுத்தேன்னா, எனக்கு மேல இருக்கறவங்க என்னையக் கேப்பாங்க.” கணபதிப் பையன் ஒருவனை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“பையங்கிட்டச் சொல்ல வேண்டாம்,” என்றார் என் வீட்டுக்காரர். “பழி அம்பயர் மேலயே இருக்கட்டும். உன்ற மேல வேண்டாம்.”

நானும் சரி என்றேன்.

அந்த அம்பயரை அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து மைதானம் எதற்கும் கூப்பிடவில்லை. சோற்றுக்கு ஊதுகிறவர் என்று பெயராகிவிட்டது. ஆறேழு மாதம் கழித்துக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவர் பக்கத்தில் வந்துவிட்டார். “நல்லா இருக்கறீங்களா அக்கா? தம்பி ஆடுதுங்களா?” என்று கேட்டார். “ஆடறானுங்க,” என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. சுற்றிலும் ஜனம். நான் போய் ஓர் ஆளிடம் அப்படிச் சொல்வதா என்று ஒரு நினைப்பு. அதற்குள் சிங்காநல்லூர் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அவர் இப்போது இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். முதல் பாதியில் என் மகனுக்கு ஒரு தரம் மூச்சு அறுந்தது. நான் கோட்டை ஒட்டி நின்றிருந்தேன், காதால் கேட்டேன். அம்பயர் ஊதவில்லை. கேட்டும் கேட்காத மாதிரி நானும் நின்றேன். கடைசி விசிலின்போது கூச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் மூச்சு விட்டிருக்கலாம். விடாமலும் இருந்திருக்கலாம். தெரியாத ஒன்றுக்காகத்தான் உள்ளே போனேன். எல்லாருக்கும் ஒரே நியாயம் வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசியவள், என் பையனுக்கு வந்தபோது இப்படி இருந்தேன்.

மகன் அடுத்த வருஷமே ஆட்டத்தை விட்டான். பட்டறையிலேயே இருந்து, பிறகு சொந்தமாக இரண்டு மிஷின் போட்டான். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் டிவியில் கபடி வந்தால், “என்ற வேலைய ஒரு அம்பயர் தின்னுபோட்டான்,” என்று இன்றைக்கும் தன் பிள்ளைகளிடம் சொல்கிறான். நானும் அதே அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் அப்பா போய் ஆறு வருஷமாகிவிட்டது. அந்த அதிகாரி சொன்னதை அறிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பல தரம் பார்த்தேன், வரவில்லை. அதனால்தான் இதுவரைக்கும் உள்ளதை ஒரு நோட்டில் எழுதினேன். அவன் மகளைக் கூப்பிட்டு நோட்டைக் கையில் கொடுத்தேன்.

“இதப் படிச்சுக் காட்டு கண்ணு. எழுத்துக் கோணலா இருக்கும், நிறுத்தி நிறுத்திப் படி.”

“மனசுக்குள்ள படிக்கட்டுங்களா, பாட்டி?”

“வேண்டாம். சத்தமாவே படி. உங்கப்பன் முன்னாலதான் உக்காந்திருக்கறான், அவனுக்குக் கேக்கோணும்.”