என் ஜீப்பில் சீட் பிடித்த மனைவி

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். யார் தயவும் இல்லாமல் ஒரு ஜீப் வாங்கினேன், அதை மூன்றாக்கினேன், மாடி வீடும் கட்டினேன். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரை என்னைத் தெரியாதவர் கிடையாது. டிரைவர்கள் இருந்தும், மலைக்கு ஆள் ஏற்றும் ஒரு ஜீப்பை ஒரு நடைகூட விடாமல் நானே ஓட்டினேன்.

ஒரு நாள் காலை, பயணிகளோடு பயணியாக என் மனைவியும் வந்து முன்சீட்டில் ஏறினாள்.

“இன்னா, எங்க போற?”

“எங்கியும் போவல. வூட்ல ஒங்களப் புடிக்க முடியல. இங்கன்னா மல ஏர்ற வரைக்கும் எறங்கி ஓட மாட்டீங்கல்ல?”

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“நாளைக்கு நம்ம பொண்ணுக்கு வெத்தல பாக்கு மாத்துறாங்க. ஒங்க எடத்துல ஒங்க தம்பிய ஒக்கார வெக்கட்டுமா?”

நாள் குறித்ததே எனக்குத் தெரியாது. அவள் மூன்று முறை சொன்னாளாம். போனில் யாரிடமோ பேசிக்கொண்டே நான் தலையாட்டினேனாம். அதன்பிறகு வண்டியில் யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிமலையில் என் டிரைவர் ஒருவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவளோடு பஸ்ஸில் மலையிறங்கினேன். மறுநாள் நிச்சயத் தட்டு வாங்கியது என் கைதான். இப்போது காலை நடை மட்டும்தான் ஓட்டுகிறேன். நான் இல்லாமலும் ஜீப்புகள் ஓடுவதில் கொஞ்சம் வருத்தம்தான்.

என்னைத் திருத்தியது மனைவி என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இருக்கட்டும். சாவியைக் கொடுத்தவன் நான்தானே? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.