எட்டு ரவுண்டு

கோல்ஃப் மட்டையை நான் கையால் தொட்டது ஒரே ஒரு முறை. அதுவும் திருப்பி அனுப்புவதற்காகப் பெட்டிக்குள் வைத்தபோது.

ஆனால் இரண்டரை வருடமாக என் வேலை கோல்ஃப் மட்டைகளோடுதான். மட்டை, பந்து, கையுறை செய்கிற நிறுவனங்கள் புதிதாக ஒன்று வந்தால் எங்கள் இணையதளத்துக்கு அனுப்பும். நாங்கள் அதை உறுப்பினர்களில் சிலருக்கு அனுப்பி, ஆடிப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்வோம். யாருக்குப் போனது, போய்ச் சேர்ந்ததா, எழுதினார்களா, எழுதியது நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. பெங்களூரு ஈஜிபுராவில், இரண்டாம் மாடி வீட்டின் படுக்கையறை ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். மேசைக்கு அடியில் என் மகளின் பொம்மைகள் இருக்கும். அவளுக்கு மூன்று வயது.

உறுப்பினர்களிடமிருந்து ஓயாமல் புகார் வந்துகொண்டிருந்தது. விண்ணப்பித்தும் தனக்கு ஏன் வரவில்லை என்று ஒருவர். மட்டையை இலவசமாகக் கொடுத்ததால் புகழ்ந்துதான் எழுத வேண்டும் என்று நினைத்ததாக இன்னொருவர். என் மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். அவர்தான் வீடியோ அழைப்பில் சொன்னார்: "ஒரு பக்கம் எழுதிப் போட்டுருங்க. அவங்க நம்மகிட்ட என்ன எதிர்பார்க்கலாம், நாம அவங்ககிட்ட என்ன எதிர்பார்க்கறோம். தெளிவா, நியாயமா இருக்கோணும். அதுக்கப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது."

அந்தப் பக்கத்தை எழுத எனக்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் நான்கு நாள் மகளுக்குக் காய்ச்சல். ஒரு கையில் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டினேன். ஒவ்வொரு வரியையும் எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்காது. குறை சொன்னால் உங்களை ஒதுக்க மாட்டோம். அறிக்கை முழுமையாக இருந்தால் மட்டை உங்களுக்கே. இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். கடுமையாக இருக்கிறதோ, குழைந்து பேசுகிறேனோ என்று மாறி மாறிச் சந்தேகம். கணவர் தட்டைக் கழுவிக்கொண்டே, "கோர்ட்டு தீர்ப்பா எழுதற நீ?" என்று கேட்டார்.

இத்தனை யோசித்த நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யோசிக்கவில்லை. குறைந்தது எத்தனை முறை ஆடிவிட்டு எழுத வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டேன். பதினெட்டுக் குழிகளையும் ஒருமுறை சுற்றி வருவதை ஒரு ரவுண்டு என்பார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "நாலு வாரத்துல எட்டு ரவுண்டுன்னு போட்டுருங்க" என்றார். போட்டேன்.

எங்கள் கட்டிடத்தின் தரைத்தளத்தில், நான் அண்ணன், அக்கா என்று கூப்பிடும் கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். எனக்கு மீட்டிங் இருக்கும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை என் மகளை அக்காதான் பார்த்துக்கொள்கிறார். அண்ணனுக்குக் கோல்ஃப் மைதானத்தில் வேலை. ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார். எந்த மட்டையை எடுக்கலாம், காற்று எந்தப் பக்கம், பந்து எங்கே விழுந்தது என்று சொல்வார். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. நாற்பத்தாறு வயதிலும் அங்கே அவரைப் பையன் என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

என் வேலை என்னவென்று ஒருநாள் அக்கா கேட்டு, நான் சொல்ல, அண்ணன் திரும்பிப் பார்த்தார். "யாரு வேணா மெம்பர் ஆவலாமா?"

"ஆகலாம் அண்ணா. பேர் பதிஞ்சா போதும்."

"கிளப்புல மெம்பர் ஆவறதுக்கு அப்பாவும் மெம்பரா இருக்கணும், தாத்தாவும் மெம்பரா இருக்கணும்" என்றார் அக்கா. "இங்க போன் இருந்தா போதுமா? ஆயிதா, முடிஞ்சுதா?"

அண்ணன் அன்றைக்கே பதிந்துகொண்டார். அடுத்த மாதம் ஒரு டிரைவர் வந்தது. குழி தொடங்கும் இடத்திலிருந்து முதல் அடியை அடிக்கும் நீளமான மட்டைக்கு அந்தப் பெயர். அதற்கு அவர் விண்ணப்பித்தார். அவர் என் கீழ்வீட்டுக்காரர் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். தேர்வில் நான் தலையிடவில்லை. இருந்தாலும், சொன்ன விதத்திலேயே சிபாரிசு இருந்ததோ என்று இப்போதும் யோசிப்பேன். "ரொம்ப நல்ல மனுஷர்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தேன்.

பெட்டி வந்த நாளில் மகளைக் கூப்பிடக் கீழே போனேன். மட்டை சோபாவின் மேல், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் படுத்திருந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஏற்கெனவே ஒன்பது மட்டைகள் இருந்தன. எல்லாம் கிளப்பில் ஆடுகிற சார்கள் வேண்டாமென்று கொடுத்தவை, ஒன்றுக்கொன்று சேராதவை. ஒன்றில் இன்னும் யாரோ ஒருவருடைய முதலெழுத்துகள் பொறித்திருக்கும்.

"வேற ஆளு கை படாத மட்டை இவரு வாழ்க்கையில இதான் மொதல்" என்றார் அக்கா. "அதான் இவரும் தொட மாட்டேங்கறாரு."

"இது எனக்கே வந்துருமா?" என்று அண்ணன் கேட்டார்.

"எட்டு ரவுண்டு ஆடி எழுதிக் கொடுத்தா உங்களுக்குத்தான் அண்ணா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

நான்கு வாரம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே அவர் அறிக்கை வந்துவிட்டது. அவருக்குக் கோல்ஃப் ஆங்கிலம் நன்றாக வரும். அங்கங்கே வாக்கியம் பிசகினாலும் சொல்ல வந்தது பிசகவில்லை. எதிர்காற்றில் பந்து மேலே ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தார். கோபத்தில் அடித்தால் இடப்பக்கம் ஓடுகிறது. பன்னிரண்டாவது குழிக்குப் பிறகு, தோள் களைத்ததும், இதன் கனம் தெரிகிறது. வருகிற அறிக்கைகளில் பாதி "சூப்பர்", "மோசம்" என்பதோடு முடிந்துவிடும். இதைப் படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. மேலாளருக்கு அனுப்பலாம் என்று புகைப்படங்களைத் திறந்தேன்.

எல்லாப் படத்திலும் மட்டையைப் பிடித்திருந்த கையில் பெரிய வாட்ச் இருந்தது. அண்ணன் வாட்ச் கட்டி நான் பார்த்ததில்லை. பிறகு தேதிகளைப் பார்த்தேன். செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு. மாடியிலிருந்து தினமும் கொடிக் கயிற்றைப் பார்ப்பவள் நான். பச்சை நிறச் சீருடைச் சட்டை திங்கட்கிழமை மட்டும் கயிற்றிலேயே கிடக்கும். அன்றைக்கு மைதானத்தில் சார்கள் ஆட மாட்டார்கள். பை தூக்குகிறவர்கள் ஆடிக்கொள்ளலாம். அக்காவே சொல்லியிருக்கிறார். வாரத்தில் ஒரே நாள். நாலு வாரத்துக்கு நாலு. எட்டு எப்படி வரும்?

அன்று மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. கேட்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் படிக்கிறவர்கள் அதை நம்பி மட்டை வாங்குவார்கள். உள்ளதை உள்ளபடி என்று எழுதியவள் நான்தானே.

ஐந்து மணிக்குக் கீழே போனேன். மகள் வாசலில் கிண்ணத்திலிருந்து பொரி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஷூவில் ஒட்டிய புல்லை ஈர்க்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்த எட்டு ரவுண்டும் யார் அடிச்சது?"

அவர் மறைக்கவே இல்லை. "நான் பை தூக்கற சாரு அடிச்சாரு. புது மட்டை சார், டிரை பண்றீங்களான்னு கேட்டேன். அவருக்கும் புடிச்சிருந்துச்சு."

"நீங்க ஆடி எழுதணும்னு இருந்ததே."

"எட்டு ரவுண்டு அந்த மட்டை ஆடணும்னுதான இருந்துச்சு? ஆடுச்சு. நான் ஒவ்வொரு அடியிலயும் பக்கத்துல நின்னேன்."

"அடிச்சவரைக் கேட்டா நல்லா இருந்துச்சும்பாரு, முடிஞ்சுது" என்றார் அக்கா. "பந்து எங்க போச்சுன்னு இவரைத்தான் கேக்கணும். வூட்டுல பைக் சாவி எங்க வெச்சோம்னு மட்டும் இவருக்குத் தெரியாது."

அண்ணன் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "தப்பாம்மா அது?"

தப்பு என்று சொல்ல எனக்கு வரவில்லை. மைதானத்தில் அவர்களுடைய வேலையே அதுதான். ஒருவர் அடிப்பார், இன்னொருவர் பார்ப்பார். இரண்டு பேரும் சேர்ந்ததுதான் அவருக்கு ஆட்டம். நான் எழுதிய பக்கத்தில் அதற்கு இடம் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஆட முடிகிறவர் என்ன செய்ய வேண்டும் என்றும் அதில் ஒரு வார்த்தை இல்லை. அவரிடம் நிறைவேற்ற முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டு, நிறைவேற்றியவுடன் குற்றம் கண்டுபிடிக்கிறேன்.

"எட்டு முடியாதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றேன்.

"சொன்னா தருவீங்களா?"

இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, நீங்களே அடித்துப் பார்த்து, எத்தனை ரவுண்டோ அத்தனையை எழுதுங்கள், நான் மேலாளரிடம் பேசுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். அக்கா என் மகளின் வாயைத் துடைத்துவிட்டு, எப்போதும் போல அவளை என் இடுப்பில் ஏற்றிவிட்டார். எப்போதும் போலத்தானா என்று படியேறும்போது யோசித்தேன். நாளைக்கும் பார்த்துக்கொள்வாரா?

பார்த்துக்கொண்டார். மறுநாள் மூன்று மணிக்கு வாசலிலேயே நின்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

முதல் திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. பாதியில் நிற்கும் மேம்பாலத் தூண்களுக்குக் கீழே தண்ணீர் தேங்கி வண்டிகள் நகரவில்லை, மைதானத்தையும் மூடிவிட்டார்கள். அண்ணன் மட்டையைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு போய், நனைந்து திரும்பி வந்தார். இரண்டாம் திங்கட்கிழமை வெயில் அடித்தது. ஒரு ரவுண்டு ஆடினார்.

மறுநாள் வந்த அறிக்கையில் நான்கு வரிதான் இருந்தது. பந்து நேராகப் போகிறது. சத்தம் அதிகம். பிடி நன்றாக இருக்கிறது. தூரம் சரியாகத் தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் எழுத முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. "அடுத்தவங்க அடிச்சா எல்லாம் தெரியுதும்மா. நான் அடிக்கறப்ப என்னைப் பாக்க யாரு இருக்கா? தலையைத் தூக்கறதுக்குள்ள பந்து போயிடுது."

மேலாளரிடம் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். வாட்ச்சையும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "பாவமாத்தான் இருக்குதுங்க. ஆனா அந்தப் பெரிய ரிப்போர்ட்டைப் போட முடியாது. இந்த நாலு வரியை முழுமைன்னு எப்படிச் சொல்றது? மத்தவங்க கேப்பாங்க. மட்டையைத் திரும்ப வாங்கிருங்க."

"எட்டுன்னு போட்டது நம்ம தப்பு இல்லையா?" என்று கேட்டேன். மகள் அடுத்த அறையில் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்ப திருத்துங்க. வாரத்துக்கு எத்தனை நாள் ஆட முடியும்னு விண்ணப்பத்துலயே ஒரு கேள்வி வெச்சுருங்க. உண்மையைச் சொல்றவங்களுக்கு அதுக்குத் தக்க ரவுண்டு. சரிங்களா?"

அது நியாயமாகப் பட்டது. அன்றே சேர்த்தேன். மட்டைக்கு அது உதவவில்லை.

கூரியர் வருகிற நாளில் பெட்டியைக் கட்ட நானும் கீழே போனேன். அவர்கள் பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்கவில்லை. உறைகளையும் மடித்து வைத்திருந்தார்கள். அண்ணன் மட்டையின் முகத்தைத் துண்டால் துடைத்து என்னிடம் நீட்டினார். நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. பதின்மூன்று நாளாக நெஞ்சில் கிடந்தது இவ்வளவுதானா என்றிருந்தது. அக்கா டேப்பைக் கடித்துக் கிழித்தார். மேலே அண்ணன் பெயர் எழுதிய பழைய சீட்டு அப்படியே இருந்தது. அதன்மேல்தான் புதிய சீட்டை ஒட்ட வேண்டியிருந்தது.

"உடு. ஒன்பது இருக்கு வூட்டுல. மைதானமே வெக்கலாம்" என்றார் அக்கா, அவரைப் பார்க்காமல்.

இரண்டு மாதம் கழித்துப் பந்துகள் வந்தன. விண்ணப்பங்கள் குவிந்தன. மேலாளர் பட்டியலை என் கண் முன்னால் திரையில் திறந்து, வாரத்துக்கு எத்தனை நாள் என்ற என் கேள்வியின் தலைப்பை ஒரு முறை தட்டினார். ஐந்து நாள் என்றவர்கள் மேலே போனார்கள், ஒரு நாள் என்றவர்கள் அடியில் இறங்கினார்கள். "வேலை சுலபமாயிருச்சு பாத்தீங்களா" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவருக்கும் அன்றைக்கு ஆறு மீட்டிங்.

ஒரு நாள் என்று எழுதுகிறவர்களுக்கு நான் என்ன சொல்லி வைத்திருந்தேன்? உண்மையைச் சொல்லுங்கள், அதற்குத் தக்கபடி பார்த்துக்கொள்கிறோம் என்று. மறுநாள் மதியம் மகள் கீழே இருந்த இரண்டு மணி நேரத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு வேறொன்று எழுதினேன்: வாரத்தில் அதிக நாட்கள் ஆட முடிகிறவர்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறோம், ஒரு நாள் மட்டும் ஆடுகிறவர்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. மேலாளர் படித்துவிட்டு, "கொஞ்சம் கடுசா இல்லீங்களா?" என்றார். நடப்பது இதுதானே என்றேன். அவர் மறுக்கவில்லை.

வெளியிடும் முன் போனில் அண்ணனுக்குக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லாததாலோ என்னவோ. அவர் நிதானமாகப் படித்தார்.

"கரெக்டா இருக்கு" என்றார். "மொதல்லயே இப்படி இருந்திருந்தா யாருக்கும் பேஜார் இல்ல."

"நீங்க விண்ணப்பிச்சிருக்க மாட்டீங்க, இல்லையா அண்ணா?"

"போட்டிருப்பேன்" என்றார். "குறைவுன்னுதான போட்டிருக்கீங்க. இல்லைன்னு போடலியே."

மறுநாள் நான்கு மணிக்கு அவர் விண்ணப்பம் வந்தது. வாரத்துக்கு எத்தனை நாள் என்ற இடத்தில் ஒன்று. எந்த நாள் என்று நான் கேட்டிருக்கவில்லை. அவராகவே திங்கள் என்று எழுதியிருந்தார். பட்டியலில் சேர்த்தேன். அது தானாகவே அடியில் போய் நின்றது. மேலே தூக்க என் கையில் வழி இருந்தது. தூக்கவில்லை. தூக்கியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்குக் காலையில்கூட, இட்லி வெந்துகொண்டிருந்தபோது, நினைத்தேன்.

அன்று பட்டியலைப் பார்த்து முடித்தபோது ஐந்து மணி ஆகியிருந்தது. மடிக்கணினியை மூடிவிட்டு, மகளைக் கூட்டிவரக் கீழே இறங்கினேன்.