முதுகில் இரண்டு கோடு

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. ஈயை ஊசியில் குத்தி வைக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். நடுமுதுகில் குத்தக் கூடாது. சற்று வலப்பக்கம் தள்ளிக் குத்த வேண்டும். எந்த ஈ என்று காட்டிக்கொடுப்பதே முதுகுதான். நாலு கோடு இருந்தால் வீட்டு ஈ. இரண்டு கோடு என்றால் வேறு இனம், வெட்டவெளியில் கிடக்கும் மலத்தில் முட்டையிடுவது.

என் மனைவி மயிலாப்பூரில் ஒரு தெருமுனையில் மீன் விற்றுவந்தாள். ஈ மொய்ப்பது அவளால்தான், கடையை எடுக்க வேண்டும் என்று பக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் மனு கொடுத்தார்கள். ஆய்வு மாணவியிடம் புலம்பினேன். அவளே வந்து கூடைமேல் வலை வீசி முப்பது ஈ பிடித்தாள்.

"ரெண்டு கோடு மாதிரிதாண்ணா தெரியுது. அப்படின்னா இது மீன்ல பொறக்கல. பின்னாடி கால்வாய் ஓரம் ஜனங்க ஒதுங்குற எடத்துலேருந்து வருது. லென்ஸ்ல பாத்துட்டு எழுதித் தரேன், அதிகாரிகிட்ட குடுங்க."

மனைவி சிரித்தாள். "ஈக்கு ஜாதகம் பாக்குற ஆளாய்யா நீ? நல்லதா எழுதச் சொல்லு."

முப்பதையும் ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்தேன். மாணவி நான்கு நாள் ஊருக்குப் போனாள். நான்கு நாளும் மழை. பெட்டியில் பூஞ்சை பிடிக்குமோ, எறும்பு தின்னுமோ என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை. பாம்பும் தவளையும் ஸ்பிரிட்டில் வருஷக்கணக்காகக் கெடாமல் இருக்கின்றனவே! முப்பதையும் ஊசியிலிருந்து கழற்றி ஸ்பிரிட் சீசாவில் போட்டேன். அப்புறம்தான் தூக்கம் வந்தது.

வந்தவள் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கோடு என்பது மெல்லிய தூள் மாதிரி முதுகில் படிந்திருப்பது, நனைந்தால் மங்கிவிடும் என்று அப்போதுதான் சொன்னாள். எடுத்துக் காயவைத்தோம். சுருங்கி, எண்ணெய் பிடித்தது போல முப்பதும் ஒரே கருப்பு.

"இத வெச்சு என்னால கையெழுத்துப் போட முடியாதுண்ணா."

மறுபடி பிடிக்கலாம் என்று வலையோடு ஓடினோம். அன்று காலையே மாநகராட்சி வண்டி வந்து கடையை அள்ளிப் போயிருந்தது. அந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு ஈ இல்லை.

"அந்த ஆராய்ச்சி மேடத்தால கண்டுபிடிக்க முடியலையாம்" என்று மனைவியிடம் சொன்னேன். இன்றுவரை அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது தலையில் கூடையோடு மந்தைவெளித் தெருக்களில் நடந்து விற்கிறாள். போன ஞாயிறு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குதிகால் புண்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. குனிந்து அதன் முதுகுக் கோட்டை எண்ணினேன். இரண்டு.

"இன்னாய்யா அப்டி பாத்துக்கினு கீற? ஓட்டு அத்த."

ஓட்டினேன்.