கூப்பிட்டால் திரும்பாதவள்

மூன்றரை வயதில் என் மகளுக்கு ஒரு சொல்கூடப் பேச வரவில்லை. ஒரு வயதில் ‘தா’ என்று கை நீட்டியவள்தான். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. தாகமெடுத்தால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் தண்ணீர் டிரம்மின் மேல் வைப்பாள். விரல் நீட்டிக் காட்ட மாட்டாள், என் முகத்தையும் பார்க்க மாட்டாள். என் கை அவளுக்கு ஒரு கரண்டி மாதிரி, அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது தாராவியில், பை தைக்கும் ஒரு பட்டறைக்கு மேலே உள்ள அறையில். ஏறி வருவதற்கு இரும்பு ஏணி. எங்கள் சந்துப் பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு அதில் ஏறவும் பழகிவிடுவார்கள். இவளை நான்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுவேன். ஊரெல்லாம் லாக்டவுனில் அடைந்து கிடந்தபோது பிறந்தவள். மண்ணையும் புல்லையும் அறியாமல், கீழே ஓடும் மிஷின் சத்தத்திலேயே வளர்ந்தவள். கீழே மிஷின் நின்றால் அழுவாள். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டுவாள்.

“ஆள் மொகம் பாக்காம வளந்த பிள்ள. அதான்… பேசிருவா,” என்பார் என் கணவர். அவர் ஐரோலியில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் ஏசி மெக்கானிக்.

“அவ திரும்பியே பாக்க மாட்டேங்காளே. பேசுறது கெடக்கட்டும்.”

“எங்க பெரியப்பா மவன் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான். நீ சும்மா கெட.”

ஆனால் அதே லாக்டவுனில் பிறந்த பக்கத்து வீட்டுப் பையன் தமிழிலும் இந்தியிலும் மாறி மாறிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவன் குரல் கேட்கும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொள்வேன்.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் முதலில் காதைச் சோதித்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கேட்கவில்லை என்றால் அதற்கு ஒரு மிஷினாவது மாட்டலாம். கேட்கிறது, ஆனாலும் திரும்ப மாட்டாள் என்றால் நான் என்ன செய்வது?

ஆட்டிசமாக இருக்கலாம் என்று சொல்லி தெரபிக்கு அனுப்பினார்கள். தெரபி செய்தது ஒரு மராத்திப் பெண், என்னைவிடச் சின்னவள். பேச்சுக்கு இப்போதே அவசரப்படாதீர்கள் என்று இந்தியில் சொன்னாள். பிள்ளை முதலில் தன் உடம்பை அறிய வேண்டும், கை வேலை செய்ய வேண்டும், நாம் பார்ப்பதை அவளும் பார்க்க வேண்டும், நம்மோடு விளையாட வேண்டும், பேச்சு அதற்குள்ளிருந்துதான் வரும் என்றாள். அரிசித் தொட்டிக்குள் பொம்மையை ஒளித்துத் தேட வைத்தாள். துணி கிளிப்பை அமுக்கிக் கயிற்றில் மாட்டச் சொன்னாள். தாழ்ந்த பலகையிலிருந்து இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வைத்தாள். என் மகள் எதையும் செய்யவில்லை. அரிசி கையில் பட்டதும் தீப்பட்டதுபோல அலறினாள். பொம்மைக் காரைக் கொடுத்தால் கவிழ்த்துப்போட்டு சக்கரத்தை மட்டும் சுற்றினாள்.

வீட்டிலும் அதையெல்லாம் செய்தேன். தரையில் முட்டி போட்டு, வாயால் ஹார்ன் அடித்துக்கொண்டு காரை ஓட்டினேன். அவள் காரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சில நாட்கள் காரைப் பிடித்தபடியே தரையில் படுத்துவிடுவேன். அப்போதும் அவள் வந்து என்னைத் தொட்டதில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு அரிசிக்குள் கையை விட்டாள். அதற்கும் கொஞ்ச நாள் கழித்து ஓட ஆரம்பித்தாள். முதலில் கால்விரல் நுனியில் தத்தித் தத்தி, பிறகு நன்றாகவே. கணவருக்கு போன் பண்ணிச் சொன்னேன். அன்று அவர் ஜிலேபி வாங்கி வந்தார்.

அந்த ஓட்டம்தான் எங்களைச் சாகடிக்கப் பார்த்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பூர் ஸ்டேஷன் மார்க்கெட்டில் அவளுக்குச் செருப்பு வாங்கப் போனோம். கணவர் எதிர்க்கடையில் சட்டை பார்த்துக்கொண்டிருந்தார். காலில் எது பட்டாலும் அவளுக்கு ஆகாது. கடைக்காரர் மாட்டிவிட்ட செருப்பை உதறி எறிந்தாள். அதை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் இல்லை.

முதலில் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன். ரெண்டு தரம் கத்திய பிறகுதான் உறைத்தது. கூப்பிட்டால் அவள் வர மாட்டாள். என் குரல் காதில் விழும் தூரத்திலேயே நின்றுகொண்டு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது கையைப் பிடித்தால் அவர்களோடு போய்விடுவாள். பெயர் என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அம்மா எங்கே என்று கேட்டால் அழக்கூட மாட்டாள்.

கணவர் ரயில் பாதைப் பக்கம் ஓடினார். நான் ரோட்டுப் பக்கம் ஓடினேன். எதிரே வந்தவர்களிடமெல்லாம் “மஞ்சள் பிராக், சின்னப் பிள்ளை” என்று இந்தியில் கேட்டேன். “பேர் கேட்டா என்ன சொல்லுவா?” என்று ஒரு பெண் கேட்டாள். “ஒண்ணும் சொல்ல மாட்டா,” என்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயம் வந்தது. ஒரு பெரிய சாக்கடை மேல்மூடி இல்லாமல் கிடந்தது. அதற்குள் எட்டிப் பார்த்தேன். பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஆண்டவரே, பேச்சே வேண்டாம், சும்மா கிடைத்தால் போதும் என்று கெஞ்சினேன்.

கடைசியில் போலீஸ் சௌக்கிக்கு ஓடினேன். அங்கே இருந்தாள். ஒரு பழக்காரி கொண்டுபோய் விட்டிருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாய்ந்து போய் அணைத்தேன். அவள் உடம்பை வளைத்து நழுவி, மறுபடி பிஸ்கட்டைச் சுரண்டினாள்.

அங்கிருந்த பெண் கான்ஸ்டபிள் எங்களுக்கு நடுவே வந்து நின்றுவிட்டார்.

“ஆப் கீ பச்சீ ஹே? புலாவ்,” என்றார். உன் பிள்ளை என்றால் கூப்பிடு.

கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கையைத் தட்டினேன். முட்டி போட்டு, தெரபியில் சொல்லிக்கொடுத்தபடி அவள் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்தேன். பிள்ளை என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தாள். கான்ஸ்டபிள் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளை திருடுகிறவளை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கணவர் வந்து போனில் இருந்த போட்டோக்களைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். ஞானஸ்நானம், பிறந்தநாள், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் நான் அவளைத் தூக்கியிருக்கிறேன். ஒன்றிலும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாளே எல்லா பிராக்கிலும் எங்கள் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்தேன். துணி உறுத்துகிறது என்று கழுத்தில் ரத்தம் வரும்வரை சொறிந்தாள். நம்பர் பொறித்த காப்பு போட்டேன், பல்லால் கடித்தே வளைத்துவிட்டாள். மார்க்கரால் கையில் எழுதினேன், எச்சில் தொட்டுத் தேய்த்தே அழித்தாள். கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டு தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே பச்சை குத்துகிறவரிடம் போனேன். வீட்டில் சொல்லவில்லை.

முழங்கைக்குக் கீழே நம்பரைக் குத்தச் சொன்னேன். அவர் பிள்ளையின் கையை ஒருமுறை பார்த்துவிட்டு மிஷினைக் கீழே வைத்தார்.

“இத்தனை சின்னப் பிள்ளைக்குக் குத்த மாட்டேன்மா.”

“இவ தொலஞ்சு போனா யாருன்னு சொல்லத் தெரியாது அண்ணே.”

“வேற எதாவது பண்ணு. நான் செய்ய மாட்டேன்.”

அவர் காலைத் தொடப் போனேன். எழுந்து தள்ளி நின்றுகொண்டார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பிள்ளை என் இடுப்பில் இருந்தபடி அவருடைய மை பாட்டில்களை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தாள். திரும்பும் வழியில் ரயிலில் இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. அன்றைக்கு அவர் சரியென்று சொல்லியிருந்தால் அந்தக் கையைப் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

இப்போது ஐந்து வயதாகிறது. தெரபி நடக்கிறது. ‘தண்ணி’, ‘வேணாம்’, போகலாம் என்பதற்கு ‘சலோ’ என்று சில சொற்கள் வந்திருக்கின்றன. வந்த சொல் சில நாட்கள் காணாமல் போகும். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று எங்கள் பக்கத்துப் பால்வாடியில் சொன்னார்கள். அதனால் தினமும் காலையில் அங்கே படியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்புக்கு யார் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை. ரெண்டு பள்ளிக்கூடங்கள் முடியாது என்று சொல்லிவிட்டன. எனக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு வரும்போது எழுந்து நின்றுகொள்வேன்.

போன வாரம் ஒரு சின்னப் பையன் அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் வாளியைப் பிடுங்கினான். அவள் அவனைத் தள்ளிவிட்டு வாளியைத் திரும்பப் பிடுங்கினாள். அவன் அழுததை நின்று பார்த்தாள். முகத்துக்கு நேரே பார்த்தாள். பிறகு வாளியை அவன் பக்கம் நீட்டி, அவன் கை வைக்கப் போனதும் இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். அவனும் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தான்.

அவனுடைய அம்மா வந்து என்னைக் கிழிகிழியென்று கிழித்தாள். இந்த மாதிரிப் பிள்ளையை ஏன் இங்கே கொண்டுவந்து விடுகிறாய் என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன். டீச்சரிடமும் கேட்டேன். இனி இப்படி நடந்தால் வைத்துக்கொள்ள முடியாது என்று டீச்சர் சொன்னார். சரி டீச்சர் என்றேன்.

சாயங்காலம் கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது நடந்ததைச் சொன்னேன்.

“அவனப் பாத்தாளா?” என்று கேட்டார்.

“பாத்தா.”

“மொகத்தயா?”

“மொகத்தத்தான்.”

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்கினேன், பால்வாடிக்குள் விடுவார்களா என்று தெரியாமலே.